கை மரத்துப் போனால் எந்தச் சோதனை? கைப் பரிசோதனை, நரம்புக் கடத்தல், ஸ்கேன்: ஓர் ஒப்பீடு

இரவில் கை மரத்துத் தூக்கம் கலைகிறது, உதறினால் சரியாகிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மதமதக்கின்றன, சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாள் முழுக்கப் பூ கட்டுபவரோ, செந்தூலில் ரொட்டி சானாய்க்கு மாவு பிசைபவரோ இப்படிச் சொன்னால் டாக்டர் முதலில் கார்ப்பல் டன்னல் என்றுதான் நினைப்பார். மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகும் மீடியன் நரம்பு அங்கே நசுங்குவதால் வருவது இது.

இத்தனை தெளிவாக அறிகுறி இருந்தால் கைப் பரிசோதனையே பெரும்பாலும் போதும். மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைப்பது ஃபேலன் சோதனை, நரம்பின்மேல் தட்டிப் பார்ப்பது டினெல். இவற்றோடு இரவு மதமதப்பு, கட்டைவிரல் தசையின் பலவீனம் போன்றவற்றையும் சேர்த்து மதிப்பெண் போடும் சிடிஎஸ்-6 முறையைக் கொண்டே நோயை உறுதி செய்யலாம் என்று அமெரிக்க எலும்பியல் மருத்துவர் கழகத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. அரசாங்கக் கிளினிக்கிலேயே பார்த்துவிடலாம்.

நரம்புக் கடத்தல் சோதனையில் தோலில் மின்முனைகளை ஒட்டி, சிறு மின்துடிப்பு கொடுப்பார்கள். சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். தசையில் ஊசி குத்திப் பார்ப்பது ஈஎம்ஜி என்ற சோதனை, அது வேறு. துடிப்பு மணிக்கட்டைக் கடக்க எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளந்து, அதே கையில் சுண்டுவிரலுக்குப் போகும் அல்னர் நரம்போடு ஒப்பிடுவார்கள். மீடியன் மட்டும் மணிக்கட்டில் தாமதித்தால் சிக்கல் அங்கேதான். பாதிப்பு எவ்வளவு ஆழம் என்பதும் தெரியும். ஆனால் கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகிவிடும். நம் ஊர் ஆஸ்பத்திரி ஏர்கோனில் வெகுநேரம் காத்திருந்து போகிறவர்கள் கையைச் சூடாக்கிவிட்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் முடிவு இயல்பாகவே வரலாம். அதை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புவது தவறு.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வலிக்காது. நரம்பு வீங்கியிருக்கிறதா, பக்கத்தில் நீர்க்கட்டி அழுத்துகிறதா என்று காட்டும். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. எடுப்பவரின் அனுபவத்தையும் பொறுத்தது.

நம் மக்களுக்கு நரம்புக் கடத்தல் சோதனை அவசியமாகும் இடம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனிப்பு நீராலும் விரல்கள் மரக்கும், கழுத்து எலும்புத் தேய்மானத்தாலும் மரக்கும். எது எது என்று கைப் பரிசோதனையில் பிரிப்பது கடினம். சில நேரம் கார்ப்பல் டன்னலோடு இவையும் சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்டவரிடம் இந்தச் சோதனை எடுக்காமல் அறுவை சிகிச்சை பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அறுவைக்குப் பிறகும் மதமதப்பு தீராவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு கையில் இருக்கும்.

கட்டைவிரல் அடித்தசை ஏற்கெனவே வற்றத் தொடங்கியிருந்தால் மட்டும், எந்தச் சோதனையின் தேதிக்காகவும் காத்திருக்காமல் நேராகக் கை அறுவை நிபுணரைப் பாருங்கள்.