ஆறு அங்குலமா, பத்து அங்குலமா? கையால் செய்த இரண்டு டெலஸ்கோப்புகள்

கையால் செய்த டெலஸ்கோப்புகளைக் கொண்டுவந்து காட்டும் கூட்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிச்சம் இருக்கும்வரை எல்லோரும் மரவேலையைத் தட்டிப் பார்ப்பார்கள். இருட்டியதும் பெரிய ஆடி (ஒளியைச் சேர்க்கும் குழிந்த கண்ணாடி) எங்கே இருக்கிறதோ அங்கே வரிசை கட்டுவார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1926-இல் தொடங்கிய ஸ்டெல்லஃபேன் கூட்டத்தில் போட்டிக்கு வரும் கருவி சொந்தமாகச் செய்ததாக இருக்க வேண்டும். ஆடியின் துல்லியத்தை ஒரு கணக்காகவும், கருவியின் கட்டுமானத்தை வேறொரு கணக்காகவும் பார்ப்பார்கள். நாமும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம்.

எடுத்துக்கொண்டவை இரண்டு நியூட்டன் வகைக் கருவிகள்: அடியில் உள்ள பெரிய ஆடி ஒளியைச் சேர்க்கும், மேலே சாய்ந்திருக்கும் சிறிய ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். ஒன்று 6 அங்குல ஆடி, எஃப்/8; அதாவது ஒளி குவியும் தூரம் ஆடியின் அகலத்தைப்போல் எட்டு மடங்கு. மற்றது 10 அங்குலம், எஃப்/5. முதலாவதன் குவியத் தூரம் சுமார் 1200 மி.மீ., இரண்டாவதற்கு 1250. அதாவது உயரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒல்லி, குண்டு என்பதே வித்தியாசம். ஆனால் ஆடியை மட்டும் எடைபோட்டால் சிறியது 1 கிலோ, பெரியது தடிமனைப் பொறுத்து 4 கிலோவைத் தாண்டும்.

சேகரிக்கும் ஒளியில் பத்து அங்குலம் 2.8 மடங்கு முன்னே நிற்கிறது. ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் உள்ள எம்13 என்ற கோளக் கொத்தை (பந்துபோல் நெருங்கிய நட்சத்திரக் கூட்டத்தை) ஆறு அங்குலத்தில் பார்த்தால் ஓரங்களில் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள் பிரியும், நடுவே மங்கிய பஞ்சு. பத்தில் நடுப்பகுதி வரை நட்சத்திரங்கள் சிதறும். அந்த வரிசையில் நிற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஆடியைத் தேய்த்தவரிடம் கேளுங்கள். இரண்டு கண்ணாடி வட்டுகளைக் கார்போரண்டம் என்ற உராய்வுத் தூள் போட்டு ஒன்றன்மேல் ஒன்று தேய்த்தால், தானாகவே கோள வடிவக் குழி விழும். எப்படித் திருப்பினாலும் ஒன்றோடொன்று பொருந்துவது கோளம் மட்டும்தான். நமக்கு வேண்டியதோ ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையம். ஆறு அங்குல எஃப்/8 ஆடியில் இந்த இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல கோளமாக முடித்து நிறுத்திவிட்டாலும் கருவி ஒழுங்காக வேலை செய்யும். பத்து அங்குல எஃப்/5-இல் அதே வித்தியாசம் கிட்டத்தட்ட 2 மைக்ரான், ஏறக்குறைய 7 மடங்கு. அங்கே கோளத்தோடு நிறுத்தினால் சனி ஒரு மங்கல் பொட்டு.

சோதிப்பதும் அப்படித்தான். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-இல் சொன்ன கத்திமுனைச் சோதனையில், ஆடியிலிருந்து திரும்பி வரும் ஒளி குவியும் இடத்தில் ஒரு கத்திமுனையை நுழைத்துப் பார்ப்பார்கள்; கோள ஆடி முழுவதும் ஒரே நேரத்தில் சீராகச் சாம்பல் நிறமாகிவிடும்; கண்ணே தீர்ப்புச் சொல்லும். பரவளையத்தில் ஒரு வடை வடிவ நிழல் தெரியும். அந்த வடை சரியான வடையா என்பதற்கு வளையம் வளையமாக அளந்து கணக்குப் போட வேண்டும். பலருக்கும் பொறுமை உடைவது இங்கேதான். நான்கு அங்குலம் ஒன்றை முடித்துவிட்டு ஆறில் கை வைப்பது, நேரே ஆறில் இறங்குவதைவிடச் சீக்கிரம் முடியும் என்று ஆடி தேய்ப்பவர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. பத்துக்கு அது இன்னும் பொருந்தும்.

சரி, கஷ்டப்பட்டுச் செய்தாயிற்று, திடலுக்கும் வந்தாயிற்று. காரில் குலுங்கி வந்த பின் ஆடிகளை நேர்படுத்த வேண்டும். இதில் சற்றுப் பிசகினாலும் பரவாயில்லை என்ற சலுகை எஃப்/5-இல், எஃப்/8-இல் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்குதான். கனத்த ஆடி குளிரவும் அதிக நேரம் பிடிக்கும்; அதுவரை உருவம் கொதிநீரில் கிடப்பதுபோல் நெளியும். அந்த நேரத்தில் பக்கத்து ஆறு அங்குலம் சனி வளையத்தின் கேசினி இடைவெளியைக் காட்டிக்கொண்டிருக்கும். கணக்குப்படி பத்து அங்குலம் 0.5 வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) இடைவெளி வரை பிரித்துக் காட்டும், ஆறு 0.8 வரை. காற்று அந்த அளவுக்கு அமைதியாக இருக்கும் இரவுகள் குறைவு என்பதால், கோள்களைப் பொறுத்தவரை இந்த முன்னிலை பல நாள் காகிதத்தோடு சரி. கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் மலிவானதாக இருந்தாலும் எஃப்/8 பொறுத்துக்கொள்ளும். எஃப்/5 அதன் குறையைப் பார்வையின் ஓரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது குழலைத் தாங்கித் திருப்பும் தாங்கி. ராமகிருஷ்ண சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன் ஒட்டுப்பலகைப் பெட்டியையும் வழுக்கும் டெஃப்லான் துண்டுகளையும் கொண்டு செய்ததுதான் இன்று டாப்சோனியன். 1968-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் குழு உருவாகக் காரணமானவரும் அவரே. அவர் செய்த தாங்கி விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். குறை என்னவென்றால் பூமி சுற்றுவது நிற்பதில்லை. 100 மடங்கு உருப்பெருக்கத்தில், அரைப்பாகை அகலமுள்ள பார்வைப் பரப்பை ஒரு கோள் 2 நிமிடத்தில் கடந்துவிடும். வரிசையில் நான்காவது ஆள் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக "அருமை" என்பார்.

துருவத்தை நோக்கிச் சாய்த்த அச்சுள்ள தாங்கியில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மோட்டார் போதும். ஆனால் குழல் திரும்பத் திரும்ப ஐபீஸ் எங்கெங்கோ போகும், குனிந்தும் எக்கியும் பார்க்க வேண்டிவரும். எதிர் எடைகள் வேறு. கடைசல் வேலை தெரிந்தவருக்கு அது அழகு காட்ட நல்ல இடம். பத்து அங்குலத்தை அதன்மேல் ஏற்றினால் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

என் கட்சி இதுதான்: முதல் கருவி என்றால் ஆறு அங்குல எஃப்/8, டாப்சோனியன் பெட்டியில். ஏற்கெனவே ஓர் ஆடி முடித்தவர், கோளக் கொத்துகளுக்காகவும் நெபுலாக்களுக்காகவும் ஏங்குபவர் என்றால் பத்துக்குப் போகலாம். அவர் முழுக் குழல் செய்யாமல், கழற்றி மாட்டும் கம்பிச் சட்டமாகச் செய்வது நல்லது. அதற்கும் முன்னால் காரின் பின்கதவை ஒருமுறை அளந்துவிட வேண்டும்.