"மெஷின்தான் போட்டிருக்கீங்களே!" – மூன்று வருடக் காது மெஷின் அனுபவம்

கோட்டையூர் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "நீங்க போட்டிருக்கிற அதே மாடல் விலை இறங்கியிருக்காம், வாங்கலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. ரிப்பேருக்குப் போயிருந்த என் வலது காது மெஷின் அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தது. பில்லைப் பார்த்த சூட்டில் "வாங்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

காதுக்குப் பின்னால் உட்காரும் வகை. மெல்லிய ஒயர் ஒன்று குட்டி ஸ்பீக்கரைக் காதுக்குள் கொண்டுபோகும். 312 நம்பர் பேட்டரி, போனில் ஒரு ஆப். இதையெல்லாம் கடையில் விலாவாரியாகச் சொல்வார்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. எந்தக் கம்பெனி வாங்கினாலும் நான் சொல்லப்போகிற விஷயம் பெரிதாக மாறாது.

வயசுக் காலத்தில் சில வருடம் ஒரு நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்கள் பக்கம் வேலை பார்த்தேன். சத்தத்தால் கெடுகிற காது பெரும்பாலும் கீச்சென்ற மேல்சுருதியில், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் விழும். என் ஆடியோகிராமிலும் (காது சோதனை வரைபடம்) சரியாக அங்கேதான் பள்ளம். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவிக்குறைபாடு தொழில்நோயாகவே இடம்பெற்றிருந்தது. அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? காதில் அடைக்கக் கொஞ்சம் பஞ்சு கிடைக்கும். மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்.

இந்த மாதிரிக் காதுக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. உயிரெழுத்தெல்லாம் வந்து சேர்ந்துவிடும். ச, ஸ, த, ப எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். கனத்த ஆண்குரல் பரவாயில்லை. பெண்கள், குழந்தைகள் பேச்சுதான் பிடிபடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும் தெரியுமா? மேனேஜர் சொன்னால் உடனே திரும்புகிறான், நாம் கூப்பிட்டால் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறான். ஆபீஸில் ஒருவன் மேல் பகை வளர இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது வேலை கானாடுகாத்தான் பக்கம். பழைய நகரத்தார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே கணக்கு பார்க்கிறேன். என் மேசை பட்டாலை என்கிற கூடத்தின் ஓரத்தில். முன்பதிவு பார்க்கும் பெண் வாசல் பக்கம் முகப்பில் உட்கார்ந்திருப்பார், எனக்குத் தங்கச்சி மாதிரி. கெட்டிக்காரர், வேகமாகப் பேசுவார். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார், சண்டையிலும் அது மாறாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போன புதிதில், பில் கூட்டிக்கொண்டிருந்தபோது காதுக்குள் ஒரு "கீக் கீக்". மெஷினில்தான் கோளாறு என்று கழற்றிப் பார்த்தேன், நின்றுவிட்டது. மாட்டினேன், மறுபடி "கீக்". கடைசியில் பார்த்தால் என் கால்குலேட்டர்! ஒவ்வொரு பொத்தானுக்கும் அது கத்தும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. தங்கச்சிக்குத் தெரியும். "தலைவலி வருதுண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாராம். அது என் காதில் விழவில்லை, விழுந்தும் மதிக்கவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். அன்றைக்குச் சத்தத்தை அணைத்து வைத்தேன். அதிலிருந்து ஒரு மாதம் போல எங்கள் ஆபீஸில் நல்ல காலம். மெஷினுக்குக் கொடுத்த காசு அங்கேயே பாதி வசூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதிதான் பிரச்சினை. அது அந்த வீட்டுக்குள் இருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க உலகத்தின் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். 2014லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் ஏறிவிட்டன. பர்மாத் தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். தடவிப் பார்த்தால் பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும். எல்லாம் அழகு, எல்லாம் கெட்டி. சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒரு மெத்தை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் சொன்ன ஒரு சொல் தூணில் பட்டு, சுவரில் பட்டு, உயரமான கூரையில் பட்டு, நாலைந்து சொல்லாக என்னிடம் வந்து சேரும். நல்ல காது உள்ளவர்கள் மூளையிலேயே எதிரொலியைக் கழித்துவிடுகிறார்கள். மெஷினுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. அசலையும் எதிரொலியையும் சேர்த்தே தூக்கிக் கொடுக்கும். அதிலுள்ள இரண்டு மைக்குகள் முன்னால் இருப்பவர் பேச்சை மட்டும் பிடிக்கும் என்று கடையில் சொன்னார்கள். இரண்டு கை நீளத்துக்குள் நின்று பேசினால் உண்மைதான். அதைத் தாண்டினால் எல்லாப் பக்கமும் முன்பக்கம்தான்.

மேசையைச் சுற்றி ஒரு ஜமக்காளமாவது விரிக்கலாம், பின்னால் கனத்த திரை ஒன்று தொங்கவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "கெஸ்ட் தரையைப் படம் எடுக்கத்தானே வர்றாங்க, அதை மூடச் சொல்றீங்களே" என்றார் மேனேஜர். அவர் சொல்வதும் நியாயம். என் நியாயத்தை எங்கே கொண்டுபோய் வைக்க?

இப்போது சண்டைக்கு வருகிறேன். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு குடும்பம் மதியச் சாப்பாடு சொல்லியிருந்தது. முகப்பிலிருந்தே குரல் கொடுத்தார் தங்கச்சி. "அறுவதாங் கல்யாணக் கூட்டம்ணே, அம்பது இலை." எனக்கு வந்தது "அறுவ… ம்… து இலை". திருப்பிக் கேட்டேன், "அறுவதா?" அவர், "ஆமாண்ணே, அறுவதுதான்" என்றார். நான் கேட்டது இலையை, அவர் சொன்னது கல்யாணத்தை. சீட்டில் அறுபது என்று எழுதி சமையலுக்கு அனுப்பினேன். பத்து இலைக்கு உண்டான சாப்பாடு மிஞ்சியது. சமையல் மாஸ்டருக்குக் கோபம், மேனேஜருக்கு அதைவிடக் கோபம்.

யார் மேல் தப்பு என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. ஆகாது. ஆனால் அன்றைக்குத் தங்கச்சி எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்த மூன்று வருடத்தில் நான் மிக அதிகமாகக் கேட்ட வார்த்தை. "அதான் மெஷின் போட்டிருக்கீங்களேண்ணே!"

இதுதான் இந்தப் பொருளின் மிகப்பெரிய குறை. எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். மெஷின் இல்லாத வரை நமக்குக் காது மந்தம் என்று நினைத்து, இரக்கப்பட்டோ சலித்துக்கொண்டோ, பக்கத்தில் வந்து ஒரு தரத்துக்கு இரண்டு தரமாகச் சொல்வார்கள். மெஷின் மாட்டிய நிமிடமே காது சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கண்ணாடி போட்டால் கண் தெரிகிறதல்லவா, அந்தக் கணக்கு. மெஷின் அப்படி இல்லை. உள்காதில் செத்துப்போன நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்ததுதான், இருக்கிறவற்றுக்கு மெஷின் சத்தத்தைக் கூட்டித் தரும், அவ்வளவுதான். இதை நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுப்பது?

சரி, கத்திச் சொன்னால்? அங்கேதான் இரண்டாவது சண்டை. இந்த மாதிரிக் காதுக்கு ஒரு கோணல் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ மற்றவர்களைவிட அதிகமாகவே குத்தும். கேட்க ஆரம்பிக்கும் இடத்துக்கும் வலிக்க ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம் சுருங்கிவிடுகிறது. பெரிய சத்தத்தை மெஷின் ஓரளவு அமுக்கித்தான் கொடுக்கும். ஆனாலும் அடுப்படியில் எவர்சில்வர் தட்டை அடுக்கினால் எனக்குப் பல் கூசும். அதனால் தங்கச்சி சாதாரணமாகச் சொன்னால் "என்னம்மா?" என்பேன். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் "என்னம்மா?" என்பேன். கத்தினால் "ஏம்மா கத்துறே!" என்று சிடுசிடுப்பேன். அவர் இடத்திலிருந்து பார்த்தால் இந்த மனிதனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ என்றுதான் தோன்றும். மெஷினைச் சரிசெய்யும் சாஃப்ட்வேரில் "மிகப்பெரிய சத்தம்" என்று ஒரு அளவு இருக்கிறது. மதுரையில் ஆடியாலஜிஸ்ட்டிடம் (காது சோதித்து மெஷினைப் பொருத்துபவர்) சொல்லி அதை இறக்கிய பிறகு தட்டுச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. நீங்கள் வாங்கினால் முதல் மாதமே இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். நான் கேட்டேன், அவர்களாகச் சொல்லவில்லை.

அரசாங்கம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் காது மந்தம் என்றால் பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் இழப்பு. என் சராசரி 55. ஆக, சட்டத்துக்கு நான் காது கேட்கிறவன், ஆபீஸுக்கு மெஷின் போட்டவன்.

சண்டைக்குப் பிறகு தங்கச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்தார். இலைக் கணக்கு, ரூம் நம்பர், முன்பணம் எல்லாம் எழுத்தில். குழப்பமே இல்லை. மேனேஜர் பாராட்டினார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் இலைக் கணக்கோடு சேர்த்து "பால் பணியாரம் எடுத்து வச்சிருக்கேன், ஆறிடப்போகுது" என்று ஒரு வார்த்தை வரும். அது வாட்ஸ்அப்பில் வருவதில்லை. வேலைக்குத் தேவையானது மட்டும்தான் வரும். மூன்று மேசை தள்ளி உட்கார்ந்துகொண்டு தந்தி அடிக்கிற மாதிரி இருக்கிறது.

பிறகு தனியாகக் காசு கொடுத்து ஒரு குட்டி மைக் வாங்கினேன். பேசுபவர் சட்டையிலோ புடவையிலோ மாட்டிக்கொண்டால், அவர் குரல் நேராக என் மெஷினுக்கே வந்துவிடும். நடுவில் இருக்கும் கூடம், தூண், கூரை எதுவும் குறுக்கே வராது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மூன்று வருடத்தில் நான் வாங்கியதில் இதற்கு இணை இல்லை. தங்கச்சி முகப்பிலிருந்து சாதாரணக் குரலில் "அண்ணே, ஏழாம் நம்பர் ரூம் காலி பண்றாங்க" என்கிறார், ஏழு ஏழாகவே வருகிறது. ழகரத்தோடு வருகிறது! மைக் மாட்டிய அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு சண்டை இல்லை. பணியாரமும் திரும்பி வந்தது.

கெடுத்தது அடுப்படி. தங்கச்சி மைக்கை மாட்டியபடியே அங்கே போய் வருவார். சமையல் மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "நாங்க பேசறதெல்லாம் கணக்குப்பிள்ளைக்குப் போகுதா?" என்று கேட்டிருக்கிறார். போகத்தான் செய்யும், அணைக்க மறந்தால். அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, காட்டினேன். நம்பவில்லை. மசாலா கொள்முதல் கணக்கை நான் கேட்ட அதே வாரம் இது நடந்தது வேறு. கணக்குக் கேட்பவன் காதுக்கே மைக் போனால் யார்தான் நம்புவார்கள்? தங்கச்சியே ஒருநாள் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, "வேணாம்ணே, எனக்கும் சங்கடமா இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மைக் இப்போது டிராயரில் கிடக்கிறது, முழுச் சார்ஜோடு.

ரிப்பேர் கதை சின்னது. சித்திரை வெயிலில் வியர்வை இறங்கி வலது பக்க ரிசீவர், அதாவது காதுக்குள் போகும் அந்தக் குட்டி ஸ்பீக்கர், போய்விட்டது. சிலிக்கா ஜெல் டப்பாவில் தினமும் போட்டு வைத்தும்தான். வாரண்டி முடிந்திருந்தது. சென்னைக்கு அனுப்பி வருவதற்குள் ஒரு காதோடு ஓட்டினேன். ஒற்றை மெஷினில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. தங்கச்சி கூப்பிட்டால் வளவு என்கிற உள்முற்றப் பக்கம் திரும்பினேன், மேனேஜர் கூப்பிட்டால் தங்கச்சியைப் பார்த்தேன். மாற்று மெஷின் கேட்டதற்கு அந்தக் கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். பில்லைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன், திரும்ப எழுதினால் ரத்தம் கொதிக்கும்.

கோட்டையூர் நண்பருக்கு: நீங்கள் நகைக்கடன் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறவர். ஆடியாலஜிஸ்ட்டின் அறையில் போட்டுப் பார்த்துவிட்டு "அருமை" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அறையில் எல்லா மெஷினும் அருமைதான். சோதனைக்கு வாங்கிக்கொண்டு போய், கூட்டம் உள்ள நாளில் உங்கள் கவுண்டரில் உட்கார்ந்து பாருங்கள். எடை போடும்போது சொல்கிற கிராம் கணக்கு காதில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

"வாங்காதீங்க" என்று சொன்னதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. இந்த விலைக்கும் இந்த சர்வீஸுக்கும் ஐந்துக்கு இரண்டு மார்க் போடுவேன், அதிலும் ஒன்று கால்குலேட்டருக்கு. என்னுடையது தொலைந்துபோனால் மறுநாளே என்ன வாங்குவேன் என்று கேட்டால், இதே மாடல்தான். வேறு வாங்கினால் அந்த மைக் சேராது.

அப்படியும் வாங்குவதாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். அதற்குப் பதில் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு ரிசீவர் ஒயர் ஸ்பேராகக் கேளுங்கள், ரிப்பேர் சமயத்தில் மாற்று மெஷின் தருவதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேட்டரி காரைக்குடியிலேயே கிடைக்கும், அட்டையில் தேதி பாருங்கள். ஸ்டிக்கரை உரித்ததும் மூடிவிடாமல் சில நிமிடம் காற்றுப் பட வைத்துவிட்டுப் போடுங்கள், கூடுதலாக ஓடும்.