மெனோபாஸுக்கு "ஹார்மோன் கோர்ஸ்"னு 18,500 ரூபாய் பிடுங்கிட்டாங்க, பொம்பளைங்க கவனம்

18,500 ரூபாய். கண்ணாடி மாட்டி, விரல்ல துணி சுத்தி, பாறையில காலைக் கிழிச்சுக்கிட்டு, கடல்ல முங்கிக் கடல்பாசி எடுத்துச் சேத்த காசு. போன்லயே மருந்து விக்கிற ஒரு கூட்டம் அதைச் சுருட்டிட்டு என் நம்பரை பிளாக் பண்ணியிருக்கு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பொம்பளைங்க கட்டாயம் படிங்க.

எனக்கு 49. மாதவிடாய் நின்னு வருஷம் தாண்டிருச்சு. ராத்திரியில திடீர்னு மாருலருந்து முகம் வரைக்கும் திகுதிகுன்னு எரியும், சேலை நனைஞ்சுரும், கொஞ்ச நேரத்துல குளிரும். தூக்கமே கிடையாது. முங்கினா மூச்சு முன்ன மாதிரி நிக்கல. கூட வர்றவளுக, "நீ கரையில சாக்கைப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டாளுக. சின்ன வயசுலருந்து கடல்ல கிடந்தவளைக் கரையில உக்கார வச்சா நான் யாரு? வீட்டுல சொன்னா, "எல்லாருக்கும் வர்றதுதானே"ன்னு அவுக திரும்பிப் படுத்துக்கிட்டாக.

அப்பத்தான் போன்ல, மெனோபாஸுக்கு மருந்து இருக்குன்னு அந்தக் கூட்டத்தோட விளம்பர வீடியோ வந்துச்சு. நம்பர் குடுத்ததும் ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. "தூக்கம் வருதாக்கா? காரணமில்லாம அழுகை வருதா? அங்க வறட்சி, எரிச்சல் இருக்கா?" பெத்த மக கூட என்னைக் கேக்காதது. அடுப்படிக் கதவைச் சாத்திட்டு அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். குறுக்க ஒரு வார்த்தை பேசாமக் கேட்டுச்சு. கடைசியில, "மூணு மாசக் கோர்ஸ்க்கா, பழையபடி கடலுக்குப் போவீங்க"ன்னுச்சு. அந்தச் சொல்லுக்குத்தான் 18,500 அனுப்பினேன்.

வந்தது வெள்ளை டப்பா. தயாரிச்ச கம்பெனி பேரு, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி ஒண்ணும் கிடையாது. சாப்பிட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ரத்தம் பட்டுச்சு. பதறிப்போய்க் கூப்பிட்டா, "கழிவு வெளியேறுதுக்கா, மருந்து வேலை செய்யுது, நிப்பாட்டிராதீங்க"ன்னு அதே பொண்ணு, அதே குரல்ல சொல்லுது! அப்புறம் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." அப்புறம் "ரீஃபண்ட் டீம் கூப்பிடுவாங்க." அப்புறம் ஒரு ஆம்பளை, "டப்பாவை உடைச்சுட்டா பணம் கிடையாது, முடிஞ்சதைப் பாரு"ன்னான். அத்தோட பிளாக்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நின்னு 12 மாசம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரணும்னு டாக்டரம்மா சொன்னாக. பெரும்பாலும் வேற காரணமா இருக்குமாம். ஆனா கர்ப்பப்பைப் புற்றுநோயாவும் இருக்கலாம், பரிசோதிக்காம சொல்ல முடியாதுன்னாக. ஸ்கேன் பாத்து, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காக. ரிசல்ட் இன்னும் வரல. இந்த எரிச்சலுக்கு ஹார்மோன் மாத்திரை நிஜமாவே இருக்காம். ஆனா மார்புப் புற்றுநோய் வந்திருக்கா, ரத்தக்கட்டு இருந்திருக்கான்னு விசாரிச்சுத்தான் குடுப்பாகளாம். அழுகையைக் கேட்ட அந்தப் பொண்ணு இதுல ஒண்ணைக்கூடக் கேக்கல.

எப்படித் தப்பிக்கிறதுன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஓட மாட்டேங்குது. லைசென்ஸ் நம்பர் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க. பணம் போனா அந்த நிமிஷமே 1930-க்கு அடிங்க. நுகர்வோர் புகாருக்கு 1915. மாதவிடாய்க் கோளாறைச் சரிபண்றோம்னு மருந்து விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1954-லயே சட்டம் இருக்குன்னு வக்கீலுக்குப் படிக்கிற தங்கச்சி மகன் சொல்றான். நின்னதுக்கப்புறம் ரத்தம் பட்டா "கழிவு"ன்னு எவ சொன்னாலும் கேக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

டப்பாவையும் பணம் அனுப்பின ரசீதையும் எடுத்து வச்சிருக்கேன். நாளைக்குப் புகார் குடுக்கப் போறேன். உங்களுக்கும் இப்படிப் போயிருந்தா வெக்கப்பட்டு மறைக்காம என்கூட வாங்க, சேந்தே குடுப்போம்.