முறுக்குத் தராசு கிட்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈர்ப்பு மாறிலி G-ஐ (பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் வலிமையைச் சொல்லும் எண்) மேசைமேல் வைத்து அளக்கும் கிட் இது. 1798-ல் ஹென்றி கேவண்டிஷ் வெளியிட்ட சோதனையின் சிறிய வடிவம். பெட்டியில் இருப்பவை: 10 செ.மீ. தண்டின் முனைகளில் தலா 38 கிராம் குண்டு, தண்டைத் தொங்கவிடும் மெல்லிய உலோக நாடா, தண்டோடு சேர்ந்து திரும்பும் சிறு கண்ணாடி, வெளியே சுழல் கையில் 1.5 கிலோ குண்டுகள் இரண்டு. கண்ணாடியில் பட்டுச் சுவரில் ஒளிப்புள்ளியாக விழும் லேசரைத் தனியாக வாங்க வேண்டும்.

பெரிய குண்டு சிறியதை 46.5 மி.மீ. தொலைவில் இழுக்கும் விசை 1.8×10⁻⁹ நியூட்டன்தான். சின்னக் குண்டின் எடை இதைப்போல் 20 கோடி மடங்கு. அந்த எடையை நாடா சுமந்துகொள்வதால் பக்கவாட்டு இழுப்பு மட்டும் நாடாவின் முறுக்கலாகத் தனியே தெரிகிறது. வடிவமைப்பின் சாமர்த்தியமே அதில்தான்.

தொல்லை மின்காந்த விசையிடமிருந்து வருகிறது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே மின் விலக்கம் ஈர்ப்பைவிட ஏறத்தாழ 10³⁶ மடங்கு பெரியது. கிட்டின் அளவில் சொன்னால், பெரிய குண்டிலும் சின்னக் குண்டிலும் தலா 13 கோடி எலக்ட்ரான் கூடுதலாக இருந்தாலே ஈர்ப்புக்குச் சமமான விசை வந்துவிடும். சின்னக் குண்டில் மொத்தம் இருப்பது சுமார் 9×10²⁴ எலக்ட்ரான்! மூடியின் கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைத்தாலே மின்னூட்டம் ஏறி அன்றைய அளவீடு போச்சு. எர்த் ஒயரை உறைப்பெட்டியில் இணைக்காமல் தொடங்கவே கூடாது. தொலைந்துபோன குண்டுக்குப் பதில் இரும்புக் குண்டு போடுவதும் வேண்டாம், காந்தத்தன்மை உள்ளே நுழைந்துவிடும். அணுக்கரு விசைகள் இரண்டாலும் (வலுவிசை, மெல்விசை) இங்கே தொந்தரவில்லை, அவற்றின் எல்லை அணுக்கருவைத் தாண்டாது.

பொருத்தும்போது தரைத்தளச் சுவரில் பதித்த தாங்கிதான் நல்லது. மேசையில் வைத்தால் யாராவது நடந்தாலே ஒளிப்புள்ளி ஆடும். முதலில் மட்டம் பாருங்கள், தண்டு உறைப்பெட்டியின் நடுவில் தொங்க வேண்டும். பிறகு தண்டைப் பிடித்திருக்கும் பூட்டுத் திருகைத் தளர்த்தி ஓர் இரவு அப்படியே விடுங்கள். மின்விசிறி, ஏசி, வெயில் எதுவும் படக்கூடாது.

தண்டு ஒருமுறை ஆடித் திரும்பும் அலைவுக் காலம் சுமார் 8 நிமிடம். முழுதாக நிற்கும்வரை காத்திருந்தால் பொழுது போய்விடும். 15 நொடிக்கு ஒருமுறை புள்ளியின் இடத்தைக் குறித்து, நாலைந்து அலைவிலிருந்து நடுநிலையைக் கணக்கிடுவது மேல். பெரிய குண்டுகளை மறுபக்கம் திருப்பினால் 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி சுமார் 10 செ.மீ. நகரும். திருப்பும்போது குண்டு உறையில் இடித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

விடை 6.2×10⁻¹¹ பக்கம் வந்தால் கருவியைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு பெரிய குண்டும் எதிர்முனைச் சின்னக் குண்டையும் இழுக்கிறது, அதற்கான 7.5 சதவீதத் திருத்தம் விட்டுப்போயிருக்கும். சேர்த்தால் ஏற்கப்பட்ட மதிப்பான 6.67×10⁻¹¹-ஐ நெருங்கும். 5 சதவீதப் பிழைக்குள் வந்தால் திருப்தியாக எழுந்து போகலாம். உலகின் சிறந்த ஆய்வகங்கள் சேர்ந்தும் G-ஐ 10 லட்சத்தில் 22 பங்கு என்ற துல்லியத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கின்றன.

பெரிய குறை நாடா. பூட்டாமல் கருவியை நகர்த்தினால் அறுந்துவிடும், மாற்றிக் கட்டுவது அரைநாள் வேலை. கிட்டோடு குறைந்தது இரண்டு உதிரி நாடா வாங்கி வையுங்கள். ஒரே பாடவேளையில் முடிக்க நினைக்கும் வகுப்புக்கு இது ஒத்துவராது. பூட்டிய அறை ஒன்றில் வாரக்கணக்கில் அசையாமல் விட முடிந்தால் தாராளமாக வாங்கலாம்.