துப்பதாஹா பவளப்பாறைப் பூங்கா: தூரமும் செலவும் கெடுபிடியும் தகும்

டைவிங், அதாவது காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது, நன்றாகப் பழகியவர் என்றால் ஒருமுறையாவது துப்பதாஹா போய் வந்துவிடுங்கள். பழகாதவர் என்றால் இப்போதைக்கு இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், வேறு கடலில் பழகிக்கொண்டு அப்புறம் போங்கள். படங்களைப் பார்த்துவிட்டு, ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய இருப்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். மேலே மிதந்தாலும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தின் உயிர் கீழே, பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸில், சூலு கடலின் நடுவில் இருக்கிறது. பலாவான் தீவின் புவெர்ட்டோ பிரின்செசாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர். வடக்கு, தெற்கு என்று இரண்டு பவள வளையங்கள், கொஞ்சம் தள்ளி ஜெஸ்ஸி பீஸ்லி என்கிற சின்னத் திட்டு, எல்லாம் சேர்த்து 97,030 ஹெக்டேர். தங்க விடுதி கிடையாது, கடை கிடையாது. அங்கே இருக்கும் இரண்டு குட்டித் தீவுகளும் கடற்பறவைகள் கூடு கட்டும் இடங்கள், சுற்றுலாப் பயணிகள் அவற்றில் கால் வைக்கக் கூடாது. மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரைதான் படகுகள் போகும், மற்ற மாதங்களில் கடல் விடாது. சாயங்காலம் துறைமுகத்தில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, விடியும்போது போய்ச் சேரலாம். அதற்கப்புறம் தூக்கம், சாப்பாடு, டைவ் எல்லாமே அந்தப் படகிலிருந்துதான்.

அதனால் படகைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். நாங்கள் போன படகில் சாப்பாடு நன்றாக இருந்தது, வழிகாட்டிகள் பிரமாதம், ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் நீரோட்டம் எந்தப் பக்கம், எந்த ஆழத்தில் திரும்ப வேண்டும் என்று பலகையில் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் அறை விஷயத்தில் ஏமாற்றினார்கள் என்றுதான் சொல்வேன். அமைதியான அறை என்று சொல்லி விற்றார்கள், போய்ப் பார்த்தால் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்கு ஒட்டினாற்போல இருந்தது. சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரையும் ராத்திரி வெகுநேரம் ஓட்டினார்கள், சுவரே அதிர்ந்தது. கேட்டால் வேறு அறை காலி இல்லை என்று ஒரே பதில். இவ்வளவு பணம் வாங்குகிறவர்கள் உள்ளதைச் சொல்லி விற்கலாமே. பணம் கட்டும் முன் படகின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், எஞ்சின் அறை எங்கே, கம்ப்ரஸர் எங்கே, எத்தனை மணி வரை ஓட்டுவார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

சரி, கடலுக்குள் வருவோம். ஷார்க் ஏர்போர்ட் என்று ஒரு இடம், மணல் சரிவு. வெண்நுனிச் சுறாக்கள் அந்த மணலில் வரிசையாகப் படுத்திருக்கும். சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும் என்று பலரும் நம்புகிறோம், இந்த இனத்துக்கு அது பொருந்தாது. படுத்தபடியே வாயால் நீரை இழுத்துச் செவுள் வழியாக வெளியே விடும். நான் மணலில் உடம்பு படாமல், அசையாமல், கொஞ்ச தூரத்தில் மிதந்துகொண்டு ஒன்றைப் பார்த்தேன். செவுள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லத் திறந்து மூடுகின்றன, கண் மட்டும் என் பக்கம் நகர்கிறது. யாரோ ஒருவர் படம் எடுக்கும் ஆசையில் வேகமாகக் காலை உதைத்துக்கொண்டு வந்தார், ஒரு நொடியில் அத்தனையும் கிளம்பிப் போய்விட்டன. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கெடுக்கிறீர்கள்.

செங்குத்துச் சுவர்களில் நீரோட்டம்தான் ராஜா. சுவரின் மேல்விளிம்பில் ஆரஞ்சும் ஊதாவுமாக ஆந்தியாஸ் என்ற குட்டி மீன்கள் ஆயிரக்கணக்கில், எல்லாம் ஓட்டத்தை எதிர்த்து ஒரே பக்கம் தலை வைத்து நிற்கும். திடீரென்று அத்தனையும் பாறையோடு ஒடுங்கும். திரும்பிப் பார்த்தால் நீலத்திலிருந்து பாரை மீன் கூட்டம் வேட்டைக்கு வந்துகொண்டிருக்கும், சில சமயம் அவற்றின் பின்னால் சாம்பல் சுறாக்களும். சீலா, சூரை, களவா, அழுங்காமை, பேராமை என்று எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. கடல் விசிறிகள், விசிறி போல விரியும் பவள வகை, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன, ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை, எனக்கு மீன்களைவிட இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. கண்டவர் நங்கூரம் போட்டு, கண்டவர் கையால் பிடித்துத் தொங்கும் இடங்களில் விசிறிதான் முதலில் போகும்.

இங்கே அது பிழைத்திருப்பதற்குக் காரணம் கெடுபிடி. கையுறை போட அனுமதி இல்லை, கையுறை இருந்தால் பாறையைப் பிடிக்கத் தோன்றும் என்பதால். மீன்பிடிக்கக் கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்துப் போகக் கூடாது, நங்கூரம் போடாமல் மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். வடக்கு வளையத்தின் மணல்திட்டில் கால்கள் ஊன்றி நிற்கும் ஒரு காவல் நிலையத்தில் கடற்படை, கடலோரக் காவல் படை, பூங்கா அலுவலகம், இந்தப் பகுதி சேர்ந்த ககயான்சில்யோ நகராட்சி ஆகியவற்றின் ஆட்கள் முறை வைத்து மாதக்கணக்கில் தங்கிக் காவல் காக்கிறார்கள். படகு அங்கே நிறுத்தினால் கட்டாயம் இறங்கி அவர்களிடம் பேசுங்கள். படகுக் கட்டணம் போகத் தனியாகக் கட்டும் அனுமதிக் கட்டணத்தைப் பற்றிச் சிலர் முணுமுணுத்தார்கள், எனக்கு அந்தக் காசு கொடுக்கக் கொஞ்சமும் வருத்தமில்லை. 1980களில் வெடி வைத்தும் சயனைடு கலந்தும் மீன்பிடித்து நாசமாகிக்கொண்டிருந்த இடம் இது. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, மீன்கள் அப்புறம்தான் திரும்பின.

காவல் இருந்தும் அடி விழுந்திருக்கிறது. 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கப்பல் தெற்கு வளையத்தில் ஏறி மாட்டிக்கொண்டது, அதன் மின்னணு வரைபடத்தில் பாறையே சுமார் 8 கடல் மைல் தள்ளிக் காட்டப்பட்டிருந்தது. கப்பலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள், 2,300 சதுர மீட்டருக்கு மேல் பவளம் நசுங்கியது. 87 மில்லியன் பெசோ நஷ்டஈடு 2015இல் வந்தது. ஒரு வருடத்துக்கு விரல் அளவுகூட வளராத பவள இனங்கள் அதில் எத்தனையோ, அதற்கு எந்த நாணயத்தில் ஈடு கட்டுவது? 2017இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதைச் சிறப்புக் கவனம் தேவைப்படும் கடல் பகுதியாக அறிவித்து, பெரிய கப்பல்கள் ஒதுங்கிப் போக வேண்டும் என்று விதி வைத்தது. அதை இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குறைந்தது ஐம்பது டைவாவது அடித்திருந்தால்தான் நிம்மதியாக ரசிக்க முடியும், வாஷிங் மெஷின் என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் நீரோட்டம் பெயருக்கேற்றபடியே இருக்கும். மேலே வந்ததும் படகுக்காரர் கண்ணில் படுவதற்கு ஆரஞ்சு மிதவைக் குழாய் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போடுங்கள், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. டைவிங் விபத்துக் காப்பீடு இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள், ஏதாவது ஆனால் மருத்துவமனைக்கு ஒரு ராத்திரிப் பயணம் இருக்கிறது. சீசன் குறுகியது, படகுகளும் குறைவு, பல மாதங்களுக்கு முன்பே இடம் நிரம்பிவிடும். டைவ் அடித்த உடனே பறந்தால் உடம்புக்கு ஆபத்து, அதனால் திரும்பும் விமானத்தைக் கடைசி டைவிலிருந்து குறைந்தது 18 மணி நேரம் தள்ளிப் போடுங்கள், நான் ஒரு முழு நாளே விட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன், படகு தாமதமானாலும் பதற வேண்டியிருக்காது.