5கே எஞ்சினுக்குப் பெற்றோல் பம்: ஸ்குறூ பம்மா, மடிச்சு மூடின பம்மா, எலெக்ட்ரிக்கா?

ரொயோட்டா கேஈ70 கொறோலா கார் வச்சிருக்கிற கனபேர் இப்ப 4கே எஞ்சினை இறக்கிப்போட்டு லைற்ஏஸ் வானில வந்த 5கேயை ஏத்தியிருக்கினம், 1290 சீசி இருந்த இடத்தில 1486 சீசி, மேல ஒரு வெபர் காபரேற்றர், ஹெட்டும் கொஞ்சம் சீவி எக்ஸ்சோஸும் மாத்தினா நல்லாத்தான் இழுக்கும். ஆனா உதுக்கெல்லாம் காசை அள்ளி இறைக்கிற ஆக்கள் ராங்கில இருந்து பெற்றோலைக் கொண்டு வாற பம்மை நினைச்சும் பாக்கிறேல்ல. என்ர 5கேயிலயும் பம் போய் மாத்தவேண்டி வந்துது, மூண்டு வழி கிடந்துது, மூண்டையும் விசாரிச்சுப்போட்டு ஸ்குறூ போட்டு மூடின ஜப்பான் பம்மைத்தான் பூட்டினன். ஏன் எண்டதைச் சொல்லுறன்.

முதல்ல உந்தப் பம் எப்பிடி வேலை செய்யுதெண்டு விளங்கவேணும். எஞ்சினுக்குள்ள சுத்துற கேம் சாப்டில இருக்கிற குவிஞ்ச பகுதி பம்மில இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற "ஆம்" எண்ட கையைத் தள்ளும், துலா மாதிரி ஒரு பக்கம் ஏற மற்றப் பக்கம் இறங்கி டயபிரம் எண்ட ரப்பர் சவ்வைக் கீழ இழுக்கும், அப்பத்தான் ராங்கில இருந்து பெற்றோல் உறிஞ்சும். காபரேற்றருக்குத் தள்ளுறது ஆம் இல்லை, டயபிரத்துக்குக் கீழ கிடக்கிற ஸ்பிறிங். காபரேற்றர் நிறைஞ்சு அதுக்குள்ள பெற்றோல் வாற வழியை ஊசி மூடினா டயபிரம் கீழயே நிக்கும், ஆம் சும்மா ஆடும். அதாலதான் இப்பிடி எஞ்சினே ஆட்டுற மெக்கானிக்கல் பம்முக்கு பிறஷரைக் குறைக்கிற றெகுலேற்றர் தேவைப்படுறது குறைவு, கே எஞ்சின் பம் சுமார் 3 தொடக்கம் 4.5 பீஎஸ்ஐ பிறஷர் தரும், வெபருக்கு 3 சொச்சம் காணும். கூடினா ஊசி தாங்காது, மேலால வழியும்.

மடிச்சு மூடின பம்மைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லலாம். புதுசு, மலிவு, வவுனியாவிலயே எடுக்கலாம், வாங்கின அண்டைக்கே பூட்டி ஓடலாம். எல்லாம் சரி, ஆனா விளிம்பைத் தகரப்பேணி மூடின மாதிரி அமத்தி மடிச்சிருப்பாங்கள், திறக்கேலாது. உள்ள என்ன ரப்பர் போட்டிருக்கிறாங்கள் எண்டும் தெரியாது. டயபிரம் போனா பம்மே குப்பைதான்.

எலெக்ட்ரிக் பம்முக்கு நியாயமா சில விசயத்தை ஒத்துக்கொள்ளவேணும். கன நாள் நிண்ட காரெண்டாலும் சாவியைத் திருப்பினோடன காபரேற்றர் நிறைஞ்சிடும். எஞ்சின் சூட்டில இருந்து தள்ளி ராங்குக்குப் பக்கத்தில பூட்டுறதால வெயிலுக்கு பெற்றோல் லைனுக்குள்ள ஆவியாகி நிக்கிற பிரச்சினையும் குறையும். தியத்தலாவ பொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா சுப்பகுறொஸ் மாதிரி ரேஸ் ஓட்டத்துக்கு, எந்நேரமும் உச்ச ஆர்பிஎம்மில வச்சு மிதிக்கிற காருக்கு, நானும் அதைத்தான் சொல்லுவன். ஆனா ரோட்டில ஓடுற காருக்கு அது தனிப் பம் இல்லை, அதோட ஒரு குடும்பமே வரும்: ரிலே, பியூஸ், எஞ்சின் நிண்டு ஒயில் பிறஷர் போனா பம்மை நிப்பாட்டுற சுவிச், பில்டர், சிலநேரம் றெகுலேற்றர், பிளொக்கில பழைய பம் இருந்த ஓட்டையை மூடத் தகடு. அந்த சுவிச் இல்லாமப் பூட்டினா கார் அடிபட்டுப் பைப் வெடிச்சாலும் சாவி ஓனில கிடக்கும்வரை பம் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், உதில விளையாடக்கூடாது. இன்னொண்டு, இன்ஜெக்சன் கார் பம்மைக் கழட்டிக் காபரேற்றருக்குப் பூட்டுற வேலையைத் தயவுசெய்து செய்யாதேங்கோ, அது 40 பீஎஸ்ஐ அளவில தள்ளுற சாமான். என்ர காரில எலெக்ட்ரிக் ஓடினதில்லை, கூட்டாளி ஒருத்தன்ர காரில பாத்ததையும் பழகினதையும் வச்சுத்தான் கதைக்கிறன், அவனுக்கு இண்டைவரை பிரச்சினை இல்லை.

இனி என்ர விசயம். எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு கேள்விதான்: பழுதானா இஞ்சயே திருத்தலாமோ? மாங்குளத்தில திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் ஓடிப்பாருங்கோ, ரெண்டு பக்கமும் காடு, நிண்டா நிண்டதுதான். கொழும்பில பழைய சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில இருந்து சாமான் பஸ்ஸில வந்து சேரும்வரைக்கும் கார் முத்தத்தில கிடக்கும். ஸ்குறூ பம் எண்டா டயபிரம் மாத்துற கிட் ஒண்டை டாஷ்போட்டுக்குள்ள போட்டு வைக்கலாம், ஸ்குறூறைவரும் ஒரு ஸ்பானரும் காணும். சண்டைக் காலத்தில பெற்றோல் வராமத் தடை போட்ட நேரம் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில வாகனம் ஓடின ஊர் இது, அந்தக் காலத்தில வேலை பழகின மெக்கானிக்மார் இண்டைக்கும் இருக்கினம், கழட்டக்கூடிய சாமானை அவையிட்டக் குடுத்தா வேலை முடிஞ்சுது. மடிச்சு மூடினதைக் குடுத்தா "இதை என்ன தம்பி செய்யிறது" எண்டுதான் கேப்பினம்.

திறக்கிறதுக்கு முதல் மேல் மூடிக்கும் உடம்புக்கும் சேத்து ஒரு கீறல் போடுங்கோ, இல்லாட்டிப் பூட்டேக்க பைப் வேற பக்கம் பாக்கும். புது டயபிரத்தை வச்சு ஸ்குறூவைக் கையால மட்டும் பிடிச்சுவிட்டு, ஆமை முழுக்க அமத்திப் பிடிச்சுக்கொண்டு எதிரெதிரா இறுக்கவேணும். ஆமை விட்டிட்டு இறுக்கினா டயபிரம் விறைச்சு நிக்கும், ஓட ஓடக் கிழிஞ்சுபோம். பிறகு உள்ள போற பைப்பை விரலால பொத்திக்கொண்டு ஆமை அமத்தி விடுங்கோ, விரலை உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கவேணும், உடன விட்டா வால்வோ டயபிரமோ சரியில்லை.

டயபிரக் கதையை நான் இவ்வளவு இழுக்கிறதுக்குக் காரணம் இருக்கு. அது கிழிஞ்சா வெளியால மட்டும் ஒழுகாது, ஆம் போற வழியால எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்புக்குள்ள பெற்றோல் இறங்கி ஒயிலோட கலக்கும். கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், உங்களுக்குத் தெரியவராது, பேரிங் தேஞ்சு தட்டத் தொடங்கேக்கதான் விளங்கும். ஒயில் அளவு பாக்கிற டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கோ, ஒயில் அளவு தானா ஏறியிருந்து பெற்றோலும் மணந்தா ஸ்ராட் பண்ணாதேங்கோ, ஒயிலை இறக்கிப்போட்டுப் பம்மைத் திறவுங்கோ. உயிரைக் குடுத்துச் செய்த எஞ்சினை ஒரு ரப்பர் துண்டு தின்னவிடக்கூடாது.

சூட்டு விசயத்தில ஸ்குறூ பம் எலெக்ட்ரிக்குக்குக் கொஞ்சம் பின்னாலதான். அதுக்கு ரெண்டு பரிகாரம் கிடக்கு. ஒண்டு, மூண்டு பைப் உள்ள பம்மா எடுங்கோ. மூண்டாவது பைப்பால மிச்சப் பெற்றோல் ராங்குக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும், லைனுக்குள்ள நிண்டு சூடாகாது. இருக்கிற றிற்றேன் லைனை அடைச்சுப்போட்டு ரெண்டு பைப் பம் பூட்டுற ஆக்களுக்குத்தான் சித்திரை வெயிலுக்குக் கார் நிண்டுபோய்க் கிடக்கிறது. மற்றது, பம்முக்கும் பிளொக்குக்கும் நடுவில வாற தடிச்ச பேக்கலைட் துண்டு. அது சூட்டை மறிக்கும், ஆம் எவ்வளவு ஆடுறதெண்டதையும் அதுதான் தீர்மானிக்கும். அதை எறிஞ்சுபோட்டு வெறும் கஸ்கெற்றோட பூட்டினா கேம் ஆமை அளவுக்கு மிஞ்சித் தள்ளி ஆம் முறியும், தடிப்பைக் கூட்டினா பம் அரைவாசிதான் இழுக்கும்.

2022 தட்டுப்பாட்டு நேரம் கலன்களில வாங்கிச் சேத்து வச்ச பெற்றோலால ராங்குக்குள்ள போன ஊத்தை கன காருக்குள்ள இன்னும் கிடக்கு, எந்தப் பம் எண்டாலும் அதுக்கு முன்னால ஒரு பில்டர் போடுங்கோ, வால்வுக்குள்ள ஒரு துரும்பு நிண்டாலே பம் இழுக்காது.

கடைக்குப் போகேக்கப் பழைய பம்மைக் கையோட கொண்டு போங்கோ. 3கே, 4கே, 5கே எண்டு எல்லாத்தையும் ஒரே பெட்டியில வச்சுக் குடுப்பினம், ஆமின்ர நீளம், வளைவு, பைப் பாக்கிற பக்கம் மூண்டையும் பக்கத்துப் பக்கத்தில வச்சுப் பாத்துப்போட்டுத்தான் காசைக் குடுங்கோ. பழைய ஜப்பான் பம் கிடைச்சா, வெளித்தோற்றம் எப்பிடி இருந்தாலும் ஆமைப் பூட்டியிருக்கிற ஊசியில ஆட்டம் இல்லையெண்டா எடுக்கலாம், மிச்சத்தைக் கிட் பாத்துக்கொள்ளும்.