குளத்துக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று

அக்கா மகன் கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். வாரத்தில் நாலு நாள் காலையில் நீச்சல், மாதம் இரண்டு முறை பேருந்தில் திருச்சி. "மாமா, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஹெட்போன் எது வாங்கலாம்?" என்று கேட்டான். அப்படி ஒன்று கிடையாது என்றேன். ஏன் கிடையாது என்று விடாமல் கேட்டதால் இவ்வளவு நீளம்.

முதலில் இரைச்சலை அடக்கும் வகை, அதாவது நாய்ஸ் கேன்சலிங். என்னிடம் இருப்பது சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. 2020இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 29,990 ரூபாய். இதன் மைக்குகள் சுற்றியுள்ள சத்தத்தைக் கேட்கும். உள்ளே இருக்கும் சிப் அந்த ஒலி அலையைத் தலைகீழாகப் புரட்டி, பாட்டோடு சேர்த்துக் காதுக்குள் விடும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரவிவிட, இரைச்சல் அடங்கிவிடும். யோசனை பழையது; பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாச் சத்தத்தையும் இது விழுங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் என்கிற தாழ்ந்த ஒலியின் அலை காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் நீளம். அதைப் புரட்ட சிப்புக்கு நிதானமாக நேரம் இருக்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சொலிக்கு ஏழு சென்டிமீட்டர்தான். கணக்கு முடிவதற்குள் அலை தாண்டிப் போய்விடும். அதனால் பேருந்து எஞ்சின், ஏசி, விடுதி மின்விசிறி போன்ற ஒரே சீரான உறுமல்கள் பெருமளவு அடங்கும். கண்டக்டரின் விசில் உள்ளே வந்தே தீரும். பின் சீட்டுக்காரரின் போன் பேச்சும் அப்படித்தான், கொஞ்சம் மங்கலாகக் கேட்கும்.

இந்த ஹெட்போனுக்குத் தண்ணீர்த் தாங்கு மதிப்பீடு எதுவுமே இல்லை. மே மாதத்தில் அரை மணி நேரம் நடந்தால் காது மெத்தைக்குள் வியர்வை ஊறுவதை உணரலாம். தலை துவட்டாமல் மாட்டவே யோசிக்கிறேன், குளம் எங்கே!

இங்கேதான் பலர் ஒரு குறுக்கு வழி பார்க்கிறார்கள். காதுக்குள் செருகும் சின்ன இயர்பட்ஸில் இரைச்சல் அடக்கமும் ஐபிஎக்ஸ்7 மதிப்பீடும் சேர்ந்தே வருகின்றன. சாம்சங் கேலக்ஸி பட்ஸ்2 புரோ அப்படிப்பட்டது. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் சும்மா கிடந்தாலும் கெடாது என்று பொருள். கை வீசி, உதைத்து, குளோரின் தண்ணீரில் போவது அந்தச் சோதனையில் சேராது. நானும் ஒருமுறை வேறொரு மலிவு ஜோடியோடு இறங்கிப் பார்த்தேன். மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும்போது பாட்டின் அரை வரி; முகம் உள்ளே போனதும் மௌனம். நாலாவது சுற்றில் இடது பக்கத்துப் பட்ஸ் கழன்று, குளத்தின் அடிக்கம்பிச் சல்லடையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மௌனத்துக்குக் காரணம் புளூடூத். அது ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில். மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலையில்தான் சாப்பாட்டைச் சூடாக்குகிறது, ஏனென்றால் தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். நீருக்குள் சில சென்டிமீட்டர் தாண்டினாலே சிக்னல் காலி. கரையில் இருக்கும் போனிலிருந்து பாட்டு வர வழியே இல்லை.

எனவே நீச்சலுக்கென்றே செய்யும் ஹெட்போன்கள் பாட்டைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ஸ்விம் ஒரு எம்பி3 பிளேயர். 4 ஜிபி இடம், புளூடூத் கிடையாது. 2024இல் வந்த ஓப்பன்ஸ்விம் புரோவில் 32 ஜிபியும், கரையில் பயன்படுத்தப் புளூடூத்தும் உண்டு. இரண்டும் ஐபி68, அதாவது தொடர்ந்து நீருக்குள் இருந்தாலும் தாங்கும் மதிப்பீடு. எடை சுமார் 30 கிராம்தான். என் பெரிய ஹெட்போன் 254 கிராம்.

இவை காதை அடைப்பதில்லை. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் அதிர்வைக் கொடுக்க, எலும்பு வழியாக ஒலி உட்செவிக்குப் போகிறது. தரையில் கேட்டால் பேஸ் சப்பென்று இருக்கும். கூட வரும் காதடைப்பானைச் செருகிக்கொண்டு முங்கினால் வேறு கதை: பாட்டு தலைக்குள்ளேயே பாடுவதுபோல் வரும்.

அப்போது இரைச்சல்? அது அங்கே பிரச்சினையே இல்லை. காற்றில் வரும் சத்தம் நீரின் மேற்பரப்பில் பட்டால் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிப் போய்விடும். கரையில் கோச் கத்துவது கேட்காததும் அதனால்தான். மிஞ்சுவது பெரும்பாலும் நம் மூச்சுக் குமிழிகள்தான். தண்ணீர் இலவசமாகச் செய்யும் வேலைக்கு சிப் வைத்துக் காசு கொடுக்க யார் வருவார்கள்?

எரிச்சல்களும் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங் செயலியில் டவுன்லோடு செய்த பாட்டை இதில் ஏற்ற முடியாது. பூட்டுப் போட்ட கோப்பு அது. சொந்தமாக எம்பி3 வைத்திருக்க வேண்டும், கணினியில் செருகி ஏற்ற வேண்டும். அந்தக் கால பென்டிரைவ் நாட்கள் திரும்பிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை இல்லாததால் வேண்டிய பாட்டைத் தேட முடியாது, பொத்தானை அமுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். சார்ஜருக்குத் தனி வயர். அதை விடுதியில் தொலைத்தால் பக்கத்து அறையில் கடன் கிடைக்காது. குளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போன பிறகே சார்ஜ் போட வேண்டும்.

இதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினால்? காது திறந்தே இருப்பதால் எஞ்சின்தான் பாடும். காதடைப்பான் செருகித் தப்பிக்கலாம், ஆனால் ஊர் வந்துவிட்டது என்று யாராவது தட்டித்தான் எழுப்ப வேண்டும்.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? பேருந்துக்கு மாற்று இருக்கிறது: ரப்பர் முனை வைத்த சாதாரண இயர்போனே ஓரளவு இரைச்சலைத் தடுத்துவிடும், இரைச்சல் அடக்கும் மலிவு இயர்பட்ஸும் நிறைய வந்துவிட்டன. குளத்துக்கு அப்படி மாற்று எதுவும் இல்லை. ஆகவே வாரம் நாலு நாள் நீந்துகிற இவனுக்கு நீச்சல் ஹெட்போனைத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது வீண் செலவு.

"அப்போ பஸ்ஸுக்கு உங்களோடத வாங்கிக்கிறேன் மாமா" என்றான். போனை வைத்துவிட்டேன்.